இஸ்திஃதாத்: அர்ராஸீயின் வினாவும் ஷரீஅத்தின் சலுகையும்

ஒரே வீட்டில், ஒரே காற்றைச் சுவாசித்து, ஒரே தட்டில் உண்டு வாழும் நால்வருக்கு ஒரே நோய் தொற்றுகிறது. இருவர் மூன்று நாள் காய்ச்சலோடு எழுந்து நடமாடுகின்றனர். ஒருவர் இரண்டு வாரம் படுத்து எழுகிறார். நான்காமவரின் ஜனாஸா புறப்படுகிறது. நோய் ஒன்றாயிருக்க, விளைவு ஏன் வேறுபடுகிறது? கோவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டில் இவ்வினா உலகம் முழுவதும் எழுந்தது. ‘இணைநோய்’ என்னும் சொல் அப்போதுதான் தமிழ்நாட்டின் வீடுதோறும் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் வினா புதியதன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ரை நகரத்து மருத்துவர் ஒருவர் அம்மை நோய் குறித்து அதை எழுப்பித் தம் நூலில் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

கொள்ளைநோய் என்றதும் அம்வாஸ் நிகழ்வும், நோய் பரவிய ஊருக்குள் நுழையாமலும் அங்கிருந்து வெளியேறாமலும் இருக்கச் சொல்லும் நபிமொழியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை குறித்து நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவை ஊரைப் பற்றியவை. நாம் இங்கே பார்க்கப்போவது உடலைப் பற்றியது: எந்த உடல் நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிறது, அத்தகைய உடலை உடையவருக்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதே பொருள்.

அர்ராஸீயின் இரண்டாம் அத்தியாயம்

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ ஹிஜ்ரி 251இல் (கி.பி. 865), இன்றைய தெஹ்ரானை ஒட்டியுள்ள ரை நகரில் பிறந்தவர். ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர். அவருடைய ‘கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா’ பெரியம்மை, தட்டம்மை ஆகிய இரண்டையும் பிரித்தறிந்து பேசும் நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைமையானது. அளவில் சிறியது; 14 அத்தியாயங்களே கொண்டது. 1498இல் வெனிஸிலும், பின்னர் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் லத்தீன் மொழியில் அச்சேறியது. 1766இல் லண்டனில் அரபு மூலமும் லத்தீன் பெயர்ப்பும் சேர்ந்து வெளிவந்தன. 1848இல் ஆங்கிலப் பெயர்ப்பு வந்தது. ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் மருத்துவர்கள் தேடிப் படித்த நூல் அது.

முதல் அத்தியாயத்தில் பெரியம்மையின் காரணத்தை ஆராயும் அர்ராஸீ, ஜாலீனூஸ் இந்நோயைக் குறிப்பிட்டிருந்தும் அதற்கு நிறைவான சிகிச்சை சொல்லவில்லை என்ற குறையைத் தயங்காமல் எடுத்துரைக்கிறார். பிறகு தம் விளக்கத்தைத் தருகிறார். குழந்தையின் இரத்தம் பிழிந்தவுடன் இருக்கும் திராட்சைச் சாறு போன்றது. இளைஞனின் இரத்தம் நொதித்துப் பொங்கும் சாறு போன்றது. முதியவரின் இரத்தம் பொங்கி அடங்கி வலுவிழந்த சாறு போன்றது. அந்தப் பொங்குதலே அம்மை என்றார். ஏறத்தாழ எல்லாச் சிறுவருக்கும் அம்மை வருவதையும், முதியவர்க்கு அரிதாகவே வருவதையும் இப்படி விளக்கினார்.

இரண்டாம் அத்தியாயம் நம் வினாவுக்கே உரியது. எந்த உடல்கள் பெரியம்மைக்கு ஆயத்தமானவை? ஈரத்தன்மையும் சதைப்பற்றும் மிக்கவை. அடிக்கடி கடுங்காய்ச்சலுக்கும் மூக்கிலிருந்து இரத்தம் வடிவதற்கும் கண்ணழற்சிக்கும் ஆளாகின்றவை. பேரீச்சம்பழம், தேன், அத்தி, திராட்சை முதலிய இனிப்புகளை மிகுதியாக உண்போரின் உடல்கள். மெலிந்த, வெப்பமும் வறட்சியும் கொண்ட உடல்களோ தட்டம்மையின் பக்கம் சாய்பவை என்கிறார். எந்தப் பருவத்தில் நோய் மிகும் என்பதையும் அதே இடத்தில் சேர்த்துச் சொல்கிறார். நூலின் கடைசி அத்தியாயத்தில், நோயாளி பிழைப்பாரா என்பதை எப்படிக் கணிப்பது என்று விளக்குகிறார். கொப்புளங்களின் நிறம், அளவு, நெருக்கம் ஆகியவற்றோடு மூச்சையும் குரலையும் கவனிக்கச் சொல்கிறார்.

ஒரு சொல்லின் பயணம்

அரபு மருத்துவ நூல்களில் வரும் ‘இஸ்திஃதாத்’ என்னும் சொல் ஆயத்தம், ஏற்கும் தன்மை என்ற பொருள்படும். இப்னு ஸீனா (ஹி. 370-428) தம் ‘அல்கானூன்’ நூலில் கொள்ளைநோய்க் காய்ச்சலைப் பற்றிப் பேசும்போது, கெட்ட காற்று எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை என்கிறார். தீய கலவைகள் நிரம்பிய உடலையும் பலவீனமான உடலையும் அது பற்றுகிறது. தூய்மையான உடல் பெரும்பாலும் தப்புகிறது என்பது அவர் கருத்து. கருவும் களமும் ஒருசேர அமைந்தாலன்றி நோய் விளையாது என்று அதைச் சுருக்கிக் கூறலாம்.

இச்சொல்லின் முழுப் பயன் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் அந்தலுஸில் வெளிப்பட்டது. கி.பி. 1348-49இல் பெருங்கொள்ளைநோய் அங்கே பரவியது. அது வைரஸால் அன்றி பாக்டீரியாவால் வரும் பிளேக் என்பதை இன்று அறிவோம். அல்மெரியா நகரின் இப்னு காதிமாவும், கிரானடாவின் அமைச்சர் லிஸானுத்தீன் இப்னுல் கதீபும் அதுபற்றித் தனி நூல்கள் எழுதினர். நோய் தொற்றுகிறது என்பதை அனுபவமும் புலனறிவும் நிறுவுகின்றன என்று இப்னுல் கதீப் வாதிட்டார். தொற்று உண்மையானால் நோயாளியின் அருகிலிருந்த எல்லோரும் வீழ்ந்திருக்க வேண்டுமே என்பது எதிர்த் தரப்பின் இயல்பான கேள்வி. அதற்கு விடையாக நின்ற சொல்தான் இஸ்திஃதாத். ஏற்கும் ஆயத்தம் உள்ள உடலில் நோய் பற்றுகிறது. இல்லாததில் பற்றாமலோ, பற்றியும் வலுக்காமலோ போகிறது. தொற்றையும் தனி உடலின் நிலையையும் ஒன்றுக்கொன்று முரணாக்காமல் இணைத்து நிறுத்திய கருத்து அது.

பெருமைக்கும் ஓர் எல்லை

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சதைப்பற்று மிக்கவர், இனிப்பை மிகுதியாக உண்பவர் என்ற அர்ராஸீயின் பட்டியலைக் கண்டதும், உடற்பருமனும் நீரிழிவும் வைரஸ் நோயைக் கடுமையாக்கும் என்பதை அவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதத் தூண்டும் ஆசை நமக்குள் எழக்கூடும். அது வரலாறு ஆகாது. அவர் வைரஸை அறிந்தவரல்லர். இனிப்பை அவர் குறித்தது, அது இரத்தத்தைப் பொங்கச் செய்யும் என்ற கொள்கையின் வழியாகவே. பெரியம்மை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது அவருடைய விளக்கத்தில் இடம்பெறவே இல்லை. பெரியம்மைக்கு ஆளாகாதவர் அரிது என்பதற்குக் காரணம் இரத்தத்தின் இயல்பன்று. நோயின் தொற்றும் வலிமையே என்பதைப் பிற்காலம் காட்டியது.

அவருடைய விடைகளில் பல காலாவதியாகிவிட்டன. அவர் வினா காலாவதியாகவில்லை. நோய் என்ன என்று கேட்பதோடு நிற்காமல், நோயாளி யார் என்றும் கேட்க வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற செல்வம். முன்னோரின் விடையை மட்டும் போற்றி வினாவை மறப்பவர் அவர்களுடைய வாரிசாக முடியாது.

வினாவுக்குக் கிடைத்த விடைகள்

பெரியம்மையையே எடுத்துக்கொள்வோம். சென்னையின் தொற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ஏ. ஆர். ராவ் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். இரத்தக்கசிவோடு கூடிய, உயிர் பிழைத்தல் மிக அரிதான வகைப் பெரியம்மை கர்ப்பிணிகளை அதிகமாகத் தாக்குவதை அவருடைய ஆய்வுகள் காட்டின. பெரியம்மையை அவர் வகைப்படுத்திய முறையை உலக சுகாதார நிறுவனமே 1972இல் ஏற்றுக்கொண்டது. 1977இல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி காணப்பட்டார். 1980 மே மாதம் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

தட்டம்மையின் கதையும் அத்தகையதே. நல்ல ஊட்டம் பெற்ற பிள்ளை பெரும்பாலும் அதிலிருந்து மீண்டுவிடுகிறது. ஊட்டமற்ற பிள்ளைக்கு, குறிப்பாக வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்கு, அதே நோய் நிமோனியாவையும் கண்பார்வை இழப்பையும் மரணத்தையும் கொண்டு வருகிறது. 1987இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கப் பரிந்துரைத்தன. அம்மை கண்டவரின் கண்களைக் காக்க அர்ராஸீ தனியே குறிப்புகள் எழுதியதன் காரணம், அக்காலத்தில் பார்வை இழந்தோர் எத்தனையோ பேரை அவர் கண்டிருந்ததாக இருக்க வேண்டும்.

2009இல் பரவிய எச்1என்1 இன்ஃப்ளூயன்ஸாவின்போது கர்ப்பிணிகளோடு உடற்பருமன் மிக்கவர்களும் அதிக ஆபத்துக்கு உள்ளாவது தெளிவாயிற்று. அடுத்து, நம் மனத்துக்கு மிக நெருக்கமான மண்ணிலேயே ஒரு புதிய நோய் தோன்றியது. 2012 ஜூனில் ஜித்தாவில் கடும் நிமோனியாவுடன் சேர்க்கப்பட்ட ஒருவரின் சளியில், எகிப்திய வைரஸ் அறிஞர் அலீ முஹம்மது ஸகீ அதுவரை அறியப்படாத ஒரு கொரோனா வைரஸைக் கண்டார். பின்னர் அது மெர்ஸ் எனப் பெயர் பெற்றது. 2013இல் அல்அஹ்ஸா பகுதி மருத்துவமனைகளில், டயாலிசிஸ் பிரிவுகளின் வழியே அது பரவியது. சவூதி அரேபியாவில் அந்நோய் உறுதியான முதல் 47 பேரைப் பற்றிய ஆய்வு அதே ஆண்டு வெளிவந்தது. அவர்களுள் 45 பேருக்கு ஏற்கெனவே வேறு நோய் இருந்தது. 32 பேர் நீரிழிவு உடையவர்கள். 23 பேர் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள். 13 பேர் இதய நோயாளிகள். 47 பேரில் 28 பேர் இறந்தனர்.

கோவிட்-19 இந்தப் பாடத்தை உலகளவில் மீண்டும் நடத்தியது. முதுமை, நீரிழிவு, உடற்பருமன், இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நாள்பட்ட நோய்கள், புற்றுநோய், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுபவை என்பது உறுதியாயிற்று. இந்தியாவில் 2021 மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோர்க்குத் தடுப்பூசி தொடங்கியபோது, 45 முதல் 59 வயது வரையுள்ளோரில் 20 வகை இணைநோய்களுள் ஒன்றேனும் உடையவர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது.

இவை ஏன் ஆபத்தைக் கூட்டுகின்றன? இரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி உயர்ந்திருந்தால், கிருமியை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. அத்துடன் இரத்தக் குழாய்களின் உட்சுவர் ஏற்கெனவே பழுதுபட்டும், உடல் எங்கும் மெல்லிய அழற்சி கனன்றுகொண்டும் இருக்கும். வைரஸ் வந்ததும் அக்கனல் பெருந்தீயாகிறது. நுரையீரல் பழுதாகி ஆக்சிஜன் குறையும்போது நல்ல இதயம் கூடுதலாக உழைத்து ஈடுசெய்யும். நோயுற்ற இதயத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை. பருமனான உடலில் மார்பும் வயிறும் அழுத்துவதால் நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரிவதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தில் தேங்கும் கழிவுகள் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்கின்றன. போதாக்குறைக்கு, வாரத்துக்கு இருமுறை, மும்முறை பலர் கூடும் டயாலிசிஸ் அறைக்கு அவர் சென்றே ஆக வேண்டும். 2021இல் நம் நாட்டில் கோவிட்டிலிருந்து மீண்ட பலரைக் கருப்புப் பூஞ்சை நோய் பற்றியபோது, கட்டுப்படாத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் கைகோத்ததே அதன் முதன்மைக் காரணமாக அறியப்பட்டது.

அதே நேரத்தில், இணைநோய் இல்லாமை உயிருக்கு உத்தரவாதமன்று. 1918இன் இன்ஃப்ளூயன்ஸா 20 முதல் 40 வயது வரையிலான திடகாத்திரமானவர்களை ஏராளமாக வாரிச் சென்றது. இஸ்திஃதாத் என்பது வாய்ப்பின் அளவையே காட்டுகிறது, விதியைக் காட்டுவதில்லை. அதை முற்ற அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

தலைக்காயம் பட்ட தோழர்

இதுவரை சொன்னவை மருத்துவம். இதற்கும் நம் ஃபிக்ஹு நூல்களுக்கும் உள்ள தொடர்பு மேலோட்டமானதன்று.

அபூதாவூத் நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பயணமொன்றில் ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலையில் காயம். இரவில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தமக்குத் தயம்மும் செய்யச் சலுகை உண்டா என உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்தார்கள். தீர்ப்புச் சொன்னவர்களே அவரைக் கொன்றுவிட்டனர் என்றும், அறியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா என்றும் கண்டித்தார்கள்.

இந்நிகழ்ச்சியை இணைநோயின் கண்ணோடு பாருங்கள். குளிர்ந்த நீர் காயமற்றவரைக் கொல்வதில்லை. ஏற்கெனவே காயம் பட்ட உடலுக்கு அதே நீர் மரணமாயிற்று. அவருக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. சட்டத்தை அறிந்திருந்தார்கள், உடலை அறியவில்லை. அந்த அறியாமை ஓர் உயிரைப் பறித்தது.

இன்னொரு நிகழ்ச்சி ஹிஜ்ரி 8இல், தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது நடந்தது. தளபதி அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான நிலையில் இருந்தார். குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார். மதீனா திரும்பியதும் நபியவர்கள் விளக்கம் கேட்டார்கள். உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற கருத்துடைய இறைவசனத்தை நினைவுகூர்ந்ததாக அவர் கூறினார். நபியவர்கள் சிரித்தார்கள், மறுப்பேதும் சொல்லவில்லை. இங்கே நோய் வரவில்லை. வரும் என்ற நியாயமான அச்சமே இருந்தது. அதுவே போதுமானதாயிற்று.

ஃபுகஹாக்கள் இவ்வடிப்படையில்தான் சட்டம் வகுத்தனர். தண்ணீரைப் பயன்படுத்தினால் குணமடைவது தாமதமாகும் என்ற அச்சமும் தயம்முமுக்குப் போதிய காரணம் என்பதே வலுவான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) ‘மின்ஹாஜ்’ நூலில் குறிக்கிறார். ஹனஃபீ மத்ஹபின் ‘அத்துர்ருல் முக்தார்’ ஆசிரியர் ஹஸ்கஃபீ (ரஹ்), நோன்பை விடச் சலுகை பெற்றோரின் பட்டியலில், நோய் கூடுமென அஞ்சும் நோயாளியோடு, நோய் வருமென அஞ்சும் ஆரோக்கியமானவரையும் சேர்க்கிறார். அந்த அச்சம் வெறும் மனப்பிரமையாக இருத்தலாகாது. வெளிப்படையான அறிகுறி, சொந்த அனுபவம் அல்லது தேர்ந்த மருத்துவரின் சொல் ஆகியவற்றுள் ஒன்றால் மிகைத்த எண்ணமாக உறுதிப்பட வேண்டும் என்கிறார். ஹிஜ்ரி 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இவ்விதி, ஆபத்துக் காரணிகளைப் பற்றிய இன்றைய மருத்துவ மொழிக்கு எவ்வளவு இசைவாக இருக்கிறது! வாய்ப்பின் அளவை வைத்து முடிவெடுக்கும் முறை நம் ஃபிக்ஹுக்கு அந்நியமானதன்று.

இயலுதல் என்னும் நிபந்தனை

ஹஜ்ஜின் கடமை, அங்குச் செல்ல இயலுபவர்க்கே உரியது என்பது ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் வகுத்த நிபந்தனை. உடல் வலிமையும் வழியின் பாதுகாப்பும் அதில் அடங்கும். வாகனத்தில் அமர முடியாத தம் முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா எனக் கேட்ட கஸ்அம் குலத்துப் பெண்மணிக்கு நபியவர்கள் அனுமதி அளித்ததை புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம்.

மெர்ஸ் பரவிய 2013இல் சவூதி சுகாதார அமைச்சு, முதியோரும் இதயம், சிறுநீரகம், சுவாசம் சார்ந்த நோய்களும் நீரிழிவும் உடையோரும் கர்ப்பிணிகளும் சிறுவரும் அவ்வாண்டு ஹஜ்ஜைத் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தது. 2020இல் உள்நாட்டில் வசிப்போர் ஏறத்தாழ 1,000 பேருக்கே ஹஜ் வாய்த்தது; 65 வயதுக்கு உட்பட்ட, நாள்பட்ட நோயற்றவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2021இல் உள்நாட்டினர் 60,000 பேர். 2022இல் 10 லட்சம் பேருக்கு அனுமதி கிடைத்தபோதும் 65 வயது வரம்பு நீடித்தது, 2023இல் நீங்கியது. பல்லாண்டு சேமித்துக் காத்திருந்த முதியவர்களுக்கு அது பெரும் துயரம் என்பதில் ஐயமில்லை.

இங்கே நம் மத்ஹபுகளின் நுட்பம் துணை செய்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், செய்வேன் என்ற உறுதியோடு ஹஜ்ஜைத் தாமதிக்க இடமுண்டு. உடல் இயலாமை நெருங்குகிறதென அஞ்சுபவர் தாமதிக்கலாகாது. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்துப்படி கடமையானதும் உடனே நிறைவேற்ற வேண்டும். நாள்பட்ட நோயாளி ஒருவர், விரைந்து செல் என்ற கட்டளைக்கும், உன்னை அழிவில் தள்ளாதே என்ற கட்டளைக்கும் இடையில் நிற்கிறார். கொள்ளைநோய் இல்லாத ஆண்டில் முதல் கட்டளை முந்துகிறது. நோய் பரவும் ஆண்டில், அவருடைய உடலைப் பொறுத்தவரை வழி பாதுகாப்பற்றதாகிவிடுகிறது. அப்போது இரண்டாம் கட்டளை முந்துகிறது என்பதே இந்நூல்களின் போக்கிலிருந்து எனக்குத் தோன்றும் முடிவு. வழியின் பாதுகாப்பு என்பதை வழிப்பறிக் கள்வர் இல்லாமை என்று மட்டும் பொருள் கொள்வது முன்னோரின் கருத்தைக் குறுக்குவதாகும்.

இன்றைய கடமை

13 நாடுகளைச் சேர்ந்த 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், இன்சுலினை முற்றும் சார்ந்து வாழும் முதல் வகை நோயாளிகளில் 43 விழுக்காட்டினரும், இரண்டாம் வகையினரில் 79 விழுக்காட்டினரும் ரமளானில் குறைந்தது 15 நாள் நோன்பு நோற்றது தெரியவந்தது. இவர்களின் ஈமானிய வேட்கை போற்றத்தக்கது. பலர் தக்க ஆலோசனையோடு பாதுகாப்பாக நோற்றும் இருப்பர். ஆயினும் ஆபத்து மிக்க நிலையில், சலுகையை ஏற்பது பலவீனம் என்று எண்ணி நோற்றவர்கள் அவர்களில் இல்லாமலிருக்க முடியாது. சலுகையை அளித்தவன் கடமையை விதித்த அதே இறைவன்தான். அவன் அளித்த ஒன்றை ஏற்கக் கூச்சப்படுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

2023இல் வெளியான தேசிய ஆய்வொன்று இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. நம் மஹல்லாக்களின் ஒவ்வொரு ஸஃப்பிலும் அத்தகையோர் நிற்கின்றனர் என்று கொள்வதில் தவறிருக்காது. அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். வருவதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. இணைநோய் உடையவர் தம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து, மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். இஸ்திஃதாதில் மனிதன் மாற்றக்கூடிய பகுதி அது. மருத்துவர் தம் நோயாளியின் நோன்பையும் ஹஜ்ஜையும் பற்றித் தாமே முன்வந்து பேச வேண்டும். ஃபத்வா சொல்லும் ஆலிம், தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், கேட்பவரின் தலையில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘தேர்ந்த மருத்துவர்’ என்ற சொல்லை ஃபுகஹாக்கள் நூல்களில் வெறுமனே எழுதி வைக்கவில்லை. சட்டத்தின் தீர்ப்பு எந்த இடத்தில் மருத்துவரின் சொல்லுக்காகக் காத்து நிற்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் அரபுக் கல்லூரிகளில் தயம்மும் பாடத்தையும் ஹஜ்ஜின் நிபந்தனைகளையும் நடத்தும் நாட்களில், ஊரில் உள்ள ஒரு மருத்துவரை அழைத்து மாணவர்கள் முன் அரை மணி நேரம் பேசச் செய்தால், அந்தச் சொல்லுக்கு உயிர் வரும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.